மணலியில் வளர்ந்த தீட்சிதரும் கோட்டை பேண்டு மெட்டுகளும்

கீபோர்டோ டேப்லெட்டோ இல்லாத வீடு இப்போது நம் குடியிருப்பில் குறைவு. பள்ளிப் பிள்ளைகள் கேரேஜ்பேண்டில் பீட் போடுகிறார்கள். கல்லூரி போகிறவர்கள் ஹூக்பேட், ஸ்கேலர் போன்ற மென்பொருள்களை வைத்துச் சொந்தமாக எலக்ட்ரானிக் இசை செய்கிறார்கள். ஒரு ஸ்கேலைத் தேர்ந்தெடுத்தால் அதற்குப் பொருந்தும் கார்டுகளை மென்பொருளே வரிசையாகக் கொடுத்துவிடுகிறது. மூன்று நான்கு ஸ்வரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிப்பதுதான் கார்டு. அந்தக் கார்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து மெட்டுக்குத் துணை போவதை ஹார்மனி என்கிறோம். இவ்வளவையும் இயந்திரமே தந்துவிட்டால் பிள்ளைகள் எதைத்தான் கற்றுக்கொள்வார்கள் என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி.

இதே மாதிரிக் கேள்வி இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் பகுதியில் ஒரு குடும்பத்தின் முன் வந்து நின்றது. கடல் கடந்து வந்த புதிய இசையும், அதை வாசிக்கும் புதிய கருவியும் அந்த வீட்டு வாசலுக்கே வந்தன. அந்த வீடு இருந்த ஊர், திருவொற்றியூருக்கு மேற்கே உள்ள மணலி. அந்தக் குடும்பத்தின் மூத்த மகன் முத்துசுவாமி தீட்சிதர். கர்நாடக இசையின் மும்மூர்த்திகளில் ஒருவர் நம் பக்கத்து ஊரில் வளர்ந்தவர் என்பது இங்கே நெடுநாளாகக் குடியிருப்பவர்களிலும் பலருக்குத் தெரியாது. மணலி என்றால் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் டேங்கர் லாரிகளுமே நினைவுக்கு வருகின்றன. ஆகவே இந்தக் காலாண்டு இதழில் அவர் வாழ்க்கையைச் சொல்கிறோம்.

முத்துசுவாமி தீட்சிதர் பிறந்த ஊர் திருவாரூர். பிறந்த ஆண்டு 1775 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. தந்தை ராமசுவாமி தீட்சிதர் தாமே பெரிய வித்வான். இன்று கச்சேரிகளின் தொடக்கத்தில் அடிக்கடி கேட்கும் ஹம்சத்வனி ராகத்தை உருவாக்கியவர் என்று அவரைச் சொல்வார்கள். முத்துசுவாமிக்கு சின்னசுவாமி, பாலுசுவாமி என்று இரண்டு தம்பிகள், பாலாம்பாள் என்று ஒரு தங்கை.

மணலி ஜமீன்தார் முத்துகிருஷ்ண முதலியார் திருவாரூருக்குச் சென்றபோது ராமசுவாமி தீட்சிதரின் வித்வத்தைக் கண்டு வியந்தார். குடும்பத்தோடு மணலிக்கு வரும்படி அழைத்தார். முதலியார் கவர்னர் பிகட்டிடம் துபாஷியாக இருந்தவர். ஆங்கிலேயருக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் நடுவில் நின்று பேச்சும் கணக்கும் வியாபாரமும் பார்த்துக் கொடுப்பவரைத் துபாஷி என்பார்கள். கம்பெனி காலத்துச் சென்னையில் துபாஷிகளுக்கு இருந்த செல்வாக்கு கொஞ்சமல்ல. அப்படிப்பட்ட ஒருவரின் ஆதரவில் தீட்சிதர் குடும்பம் மணலியில் குடியேறியது. முத்துகிருஷ்ண முதலியாருக்குப் பிறகு அவர் மகன் வேங்கடகிருஷ்ண முதலியாரும் அதே மதிப்போடு அவர்களை வைத்துக்கொண்டார். ராமசுவாமி தீட்சிதர் 108 ராகங்களையும் தாளங்களையும் ஒரே பாட்டில் கோத்த ராகமாலிகை செய்தது இந்தக் குடும்பத்தின் ஆதரவில் இருந்த காலத்தில்தான்.

புனித ஜார்ஜ் கோட்டையில் கம்பெனிப் படைகளுக்கு பேண்டு வாத்தியக் குழுக்கள் இருந்தன. அணிவகுப்புக்கு மார்ச் இசை, விருந்துக்கு நடன இசை, ஐரிஷ், ஸ்காட்டிஷ் சிப்பாய்கள் தங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த நாட்டுப்புற மெட்டுகள் எல்லாம் அங்கே ஒலித்தன. துபாஷி வீட்டுக்காரர்களுக்குக் கோட்டைக்குள் போய்வர வழி உண்டு. வேங்கடகிருஷ்ண முதலியார் தீட்சிதர் சகோதரர்களை அழைத்துப் போய் அந்த இசையைக் கேட்கச் செய்தார் என்று அந்தக் குடும்ப வழியில் வந்த வரலாறு சொல்கிறது.

அது அவர்கள் பழகிய இசைக்கு நேர் எதிரான அமைப்பு கொண்டது. நம் சங்கீதத்தில் தம்புராவின் ச-வும் ப-வும் கச்சேரி முழுக்க அசையாமல் நிற்கும். அந்தத் தரையின்மேல் ஒரே ஒரு மெட்டு வளைந்தும் அசைந்தும் போகும். பேண்டு வாத்தியத்திலோ தரையே நகர்கிறது. ஒருவர் மெட்டை வாசிக்க, மற்றவர்கள் அதற்குக் கீழே வேறு ஸ்வரங்களைச் சேர்த்து வாசிக்கிறார்கள். நான்கு எண்ணிக்கைக்கு ஒரு கார்டு, அடுத்த நான்குக்கு வேறொரு கார்டு. ஸ்வரங்கள் கமகம் இல்லாமல் நேராக நிற்கின்றன. அப்படி நின்றால்தான் ஒன்றோடொன்று சேர்ந்து ஒலிக்க முடியும்.

இந்தப் புதுமையை மூன்று சகோதரர்களில் கடைசியான பாலுசுவாமி ஒரு வழியில் எடுத்துக்கொண்டார், மூத்தவரான முத்துசுவாமி இன்னொரு வழியில்.

பாலுசுவாமி கருவியை எடுத்துக்கொண்டார். வயலின் கற்றுக்கொள்ள ஓர் ஐரோப்பியரை முதலியாரே ஏற்பாடு செய்தார். மூன்று ஆண்டுகள் பாடம் நடந்தது. கற்ற பிறகு அந்தக் கருவியை நம் சங்கீதத்துக்கு ஏற்றபடி பயன்படுத்தினார். இன்று நம் வித்வான்கள் வயலினைத் தரையில் உட்கார்ந்து, அதன் தலைப்பகுதியைக் காலில் ஊன்றி வாசிக்கிறார்கள். தந்திகளை ச-ப-ச-ப என்று சுருதி கூட்டுகிறார்கள். ஐரோப்பாவில் நான்கு தந்திகளும் ஐந்தைந்து ஸ்வர இடைவெளியில் ஏறிக்கொண்டே போகும். கருவி அதேதான். பிடிப்பதும் சுருதி கூட்டுவதும் வாசிப்பதும் மாறிவிட்டன. வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியை இன்று காண்பது அரிது. அதற்கு விதை போட்ட முன்னோடிகளில் பாலுசுவாமி முதன்மையானவர், அந்த விதை விழுந்த இடம் மணலி.

முத்துசுவாமி மெட்டுகளை எடுத்துக்கொண்டார். கோட்டையில் கேட்ட மேற்கத்திய மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். இப்படி நாற்பது அளவில் பாட்டுகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றை நோட்டு ஸ்வர சாகித்யம் என்கிறோம். பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டில் அவர் எழுதியதுதான் ஸந்ததம் பாஹிமாம் என்று தொடங்கும் பாட்டு. ச்யாமளே மீனாக்ஷி என்பதன் மெட்டு எல்லாக் குழந்தைகளுக்கும் தெரியும், ட்விங்கிள் ட்விங்கிள் லிட்டில் ஸ்டார்தான். அந்த ஆங்கிலப் பாட்டின் வரிகள் அச்சானது 1806-இல். மெட்டு அதற்கு முன்பே பிரான்சில் பிறந்தது. தீட்சிதரைவிட இருபது வயது போல மூத்தவரான மொசார்ட் இதே மெட்டை எடுத்துப் பியானோவுக்குப் பன்னிரண்டு விதமாக மாற்றி எழுதியிருக்கிறார். வியன்னாவில் ஒருவரும் சென்னையில் ஒருவரும் ஒரே மெட்டைக் கையில் எடுத்தார்கள். மொசார்ட் அதைச் சுற்றிக் கார்டுகளையும் ஓட்டங்களையும் பின்னினார். தீட்சிதர் கார்டுகளை விட்டுவிட்டு மெட்டின் ஒற்றைக் கோட்டை மட்டும் எடுத்து, அதில் மதுரை மீனாட்சியைப் பாடினார்.

மெட்டு தம்முடையது என்று அவர் வழியினர் ஒருபோதும் சொல்லிக்கொள்ளவில்லை. நோட்டு என்ற பெயரே இது வெள்ளைக்காரர் நோட்டிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறது. இன்று எலக்ட்ரானிக் இசை செய்யும் இளைஞர்கள் பிறருடைய லூப்பையும் சாம்பிளையும் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். அதில் தவறில்லை. எங்கிருந்து எடுத்தோம் என்பதைப் பெயரிலேயே வைத்துச் சொன்ன முன்மாதிரி நம் பக்கத்து ஊரில் இருக்கிறது.

மணலிக்கு வந்த சிதம்பரநாத யோகி என்ற துறவி முத்துசுவாமியைத் தம்மோடு காசிக்கு அனுப்பும்படி கேட்டார். பெற்றோருக்கு மனமில்லை. முதலியார் எடுத்துச் சொன்ன பிறகே சம்மதித்தார்கள். காசியில் சில ஆண்டுகள் குருவோடு இருந்து வேதாந்தமும் உபாசனையும் கற்றார். வடநாட்டு துருபத் இசையையும் காது நிறையக் கேட்டார். கங்கையில் அவருக்குக் கிடைத்ததாகச் சொல்லும் வீணையின் கதை இசை ரசிகர்கள் அறிந்தது. குரு மறைந்தபின் மணலிக்கே திரும்பிவந்தார்.

பிறகு திருத்தணிக்குப் போனார். முருகன் முதியவராக வந்து வாயில் கற்கண்டு இட்டார் என்றும், அதன்பின் அவர் வாக்கில் கீர்த்தனை பிறந்தது என்றும் சொல்வார்கள். அங்கே பாடிய முதல் கீர்த்தனை மாயாமாளவகௌளை ராகத்தில் அமைந்தது. சங்கீதம் கற்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் பாடமாக வரும் ராகம் அது. குருகுஹ என்பது அவர் முத்திரையாயிற்று. நோட்டு ஸ்வரப் பாட்டுகளிலும் அந்த முத்திரை வருகிறது.

காஞ்சிபுரத்தில் சில ஆண்டுகள் தங்கிய பிறகு வாழ்க்கையின் பெரும் பகுதியைத் திருவாரூரில் கழித்தார். கமலாம்பாள் மீது நவாவரணக் கீர்த்தனைகள், நவக்கிரகங்கள் மீது கீர்த்தனைகள் என்று அவருடைய பெரிய படைப்புகள் வந்தன. அவற்றின் நடை மெதுவானது, நிதானமானது. ஒவ்வொரு ஸ்வரமும் வீணைத் தந்தியில் இழுத்து வாசிப்பது போல அசைந்து வரும். கோட்டை பேண்டின் நேர் ஸ்வரங்களைக் கேட்டு ரசித்தவர், தம் சொந்தப் பாட்டில் அதற்கு நேர்மாறான ஆழத்துக்குப் போனார். புதிய இசையைக் கற்றதால் பழையது அவர் கையைவிட்டுப் போகவில்லை. பாடிய ஸ்வரம் எந்த இடத்தில் நேராக நிற்கவேண்டும், எந்த இடத்தில் அசையவேண்டும் என்பது இரண்டையும் கேட்டவருக்கு இன்னும் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

தஞ்சை நால்வர் எனப்படும் பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் அவருடைய மாணவர்கள். இன்றைய பரதநாட்டியக் கச்சேரி முறைக்கு வடிவம் கொடுத்தவர்கள் இந்த நால்வர்தான். அவர்களில் வடிவேலு வயலினில் சிறந்து விளங்கினார். திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மகாராஜா 1834-இல் அவருக்கு யானைத் தந்தத்தில் செய்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார். மணலியில் ஒரு வீட்டுக்குள் நுழைந்த கருவி, ஒரு தலைமுறைக்குள் அரசவையில் மரியாதை பெற்றுவிட்டது.

பாலுசுவாமி எட்டயபுரம் அரண்மனை வித்வானாக அமர்ந்தார். தம்பியைத் தேடிப் போன முத்துசுவாமி தீட்சிதர் தம் கடைசி நாட்களை அங்கேதான் கழித்தார். 1835-ஆம் ஆண்டு தீபாவளி நாளில் எட்டயபுரத்தில் காலமானார். அவர் சமாதி அங்கே இருக்கிறது. பாலுசுவாமியின் பேரனும் தத்துப்பிள்ளையுமான சுப்பராம தீட்சிதர் 1904-இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய ப்ரதர்சினி என்ற பெருநூலால்தான் இந்தக் குடும்பத்தின் கீர்த்தனைகளும் வரலாறும் நம் கைக்கு வந்தன.

இனி நம் வீட்டுக் கீபோர்டுக்கு வருவோம். ஹார்மனி கற்க நோட்டு ஸ்வரத்தைப்போல் நல்ல பாடம் நம் பிள்ளைகளுக்குக் கிடையாது. இவை பிறந்ததே கார்டுகளோடு. தீட்சிதர் விட்டுவைத்த கார்டுகளை நாம் திரும்பத் தேடிக் கண்டுபிடிக்கலாம். மென்பொருள் அதற்குத் துணை செய்யும்.

இந்த மெட்டுகள் சங்கராபரணத்தின் ஸ்வரங்களில் அமைந்தவை. மேற்கத்திய மேஜர் ஸ்கேலும் அதே ஏழு ஸ்வரங்கள்தான். ஒன்றைவிட்டு ஒன்றாக மூன்று ஸ்வரங்களை எடுத்தால் ஒரு கார்டு. ச-க-ப ஒன்று, ம-த-ச ஒன்று, ப-நி-ரி ஒன்று. இப்படி ஏழு ஸ்வரங்களிலிருந்தும் ஏழு கார்டுகள் கிடைக்கும். மென்பொருள் திரையில் வரிசையாகக் காட்டுவது இந்த ஏழையும் அவற்றின் விரிவுகளையும்தான். மந்திரம் எதுவும் இல்லை.

ச்யாமளே மீனாக்ஷியின் முதல் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ச ச ப ப என்று தொடங்குகிறது. இரண்டு ஸ்வரமும் ச-க-ப கார்டுக்குள் இருக்கின்றன, ஆகவே அதையே பிடித்திருக்கலாம். அடுத்து த த வரும்போது அந்தக் கார்டு பொருந்தாது, ம-த-ச வேண்டும். பிறகு ப-வுக்குத் திரும்ப ச-க-ப. அடுத்த பாதியில் ம ம-வுக்கு ம-த-ச, க க-வுக்கு ச-க-ப, ரி ரி-க்கு ப-நி-ரி, கடைசி ச-வுக்கு மீண்டும் ச-க-ப. மூன்றே கார்டுகளில் மெட்டு முழுக்க நின்றுவிடுகிறது. வீட்டை விட்டுக் கிளம்பி, தெருமுனை வரை போய், வீடு திரும்புவது போன்ற உணர்வு வருகிறதே, அதுதான் ஹார்மனியின் அடிப்படை. ப-நி-ரி கார்டில் நிறுத்திவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள். வாக்கியம் பாதியில் நின்றது போல இருக்கும்.

இங்கேதான் மென்பொருளை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பது முக்கியமாகிறது. ஏழு ஸ்வர ஸ்கேலில் எந்த ஸ்வரமானாலும் மூன்று கார்டுகளுக்குள் வரும். உதாரணமாக க என்பது ச-க-ப கார்டிலும் இருக்கிறது, த-ச-க கார்டிலும் இருக்கிறது, க-ப-நி கார்டிலும் இருக்கிறது. மூன்றும் இலக்கணப்படி சரி. மென்பொருள் மூன்றையும் காட்டும், அல்லது ஒன்றைத் தானே தேர்ந்தெடுத்து வைத்துவிடும். முதலாவது மலர்ச்சியாக ஒலிக்கும், மற்ற இரண்டும் கொஞ்சம் சோகமாக ஒலிக்கும். அந்த இடத்தில் பாட்டுக்கு எது வேண்டும் என்பதைக் காதுதான் சொல்லவேண்டும். தானாக வந்ததை அப்படியே ஏற்றுக்கொண்டு அடுத்த பொத்தானுக்குப் போகும் பிள்ளை ஒரு ட்ராக்கை முடித்துவிடும், ஆனால் ஹார்மனி அதற்கு வந்திருக்காது. மூன்றையும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டு, ஏன் இது என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அதே மென்பொருள் நல்ல வாத்தியார்.

ஆகவே வீட்டில் இந்த வரிசையில் செய்து பார்க்கலாம். முதலில் பாட்டை வாயால் பாடப் பழகவேண்டும். பிறகு மெட்டைக் கீபோர்டில் ஒற்றை விரலில் வாசித்துப் பதிவு செய்யவேண்டும். மென்பொருளைத் திறக்காமல், மேலே சொன்ன மூன்று கார்டுகளை வைத்து எங்கே எது என்று தாளில் குறித்துக்கொள்ளவேண்டும். அதன்பின் மென்பொருள் தரும் கார்டுகளோடு ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களில் இரண்டையும் கேட்டு ஒன்றை முடிவு செய்யவேண்டும். கடைசியாகத்தான் சிந்தசைசர் ஒலியும் டிரம் லூப்பும். அரச வாழ்த்து மெட்டுக்கு மூன்று எண்ணிக்கைத் தாளம் வைக்கவேண்டும். நான்கு எண்ணிக்கை லூப்பைப் போட்டால் ஒட்டாது.

சங்கீதம் கற்கும் பிள்ளைகள் இன்னொன்றும் செய்யலாம். அதே மென்பொருளில் மாயாமாளவகௌளையின் ஸ்வரங்களைக் கொடுத்துப் பாருங்கள். ச-க-ப ஒரு மேஜர் கார்டு. அடுத்த ஸ்வரத்திலிருந்து வரும் ரி-ம-த கார்டும் மேஜர்தான், ஆனால் அரை ஸ்வரம் மட்டுமே மேலே. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் அரபு நாட்டு இசைபோல ஒலிக்கும், கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் அதன்மேல் தீட்சிதரின் திருத்தணிக் கீர்த்தனையைப் பாட முயன்றால் ரி-யும் த-வும் அசையும் இடமெல்லாம் கார்டோடு மோதும். மென்பொருளில் எந்தக் கோளாறும் இல்லை. அந்தப் பாட்டு தம்புராவின்மேல் நிற்பதற்காகச் செய்தது. எந்த இசைக்குக் கார்டு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தெரிவதும் ஹார்மனிப் பாடத்தில் ஒரு பகுதிதான்.

பாலுசுவாமிக்கு வயலின் தானாக வந்துவிடவில்லை. வாத்தியாரிடம் மூன்று ஆண்டுகள் உட்கார்ந்தார். முத்துசுவாமியும் மெட்டை முழுக்க மனத்தில் வாங்கிய பிறகே அதில் சொல்லை வைத்தார். புதிய கருவியைக் கண்டு அவர்கள் கதவை மூடவும் இல்லை, கருவி சொன்னபடியெல்லாம் ஆடவும் இல்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் டேப்லெட்டைப் பிடுங்கி வைப்பதற்குப் பதிலாக, இந்தக் கார்டை ஏன் வைத்தாய் என்று பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டாலே போதும். பதில் சொல்வதற்காகவாவது அவர்கள் இன்னொருமுறை கேட்பார்கள்.

நோட்டு ஸ்வரம் எதையாவது கார்டு சேர்த்துச் செய்து முடிக்கும் பிள்ளைகள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் பகிரலாம். மெட்டு எந்த நாட்டிலிருந்து வந்தது, சாகித்யம் யாருடையது, கார்டுகளில் எது மென்பொருள் தந்தது, எது தாங்களே மாற்றியது என்று நான்கு வரி சேர்த்து எழுதினால் கேட்பவர்களுக்கும் ஒரு பாடமாக இருக்கும்.